நீங்க நடங்க, மேப்பை வீட்டுலயே வச்சிருங்க

காலையில எந்திரிச்சு வாட்ஸப்பைத் தொறந்தா ரோசாப்பூ படம் போட்ட குட்மார்னிங் வந்த காலமெல்லாம் போயிட்டு மக்களே. இப்பல்லாம் ஆரஞ்சுக் கோடு போட்ட மேப்புதான். ‘5.2 கி.மீ., 58 நிமிஷம்’. கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தா நம்ம அண்ணாச்சி வீட்டு வாசல். எங்க முடியுதுன்னு பாத்தா அதே வாசல். நடுவுல வாகையடி முக்குல கோடு ஒரே இடத்துல முடிச்சுப் போட்டு நிக்குது. டீக்கடை. இனிமே வடையைத் தொடமாட்டேன்னு வீட்டம்மாகிட்ட சத்தியம் பண்ணினவரு அங்க ஒன்பது நிமிஷம் நின்னது குரூப்புக்கே தெரியுது :-)

இது வரைக்கும் சிரிக்கலாம். இதுக்கு மேல எனக்குச் சிரிப்பு வரல.

நானும் நடக்கிறவன்தான், அதை முதல்லயே சொல்லிடறேன். டவுண்ல நாலு ரத வீதியையும் ரெண்டு சுத்து சுத்துனாத்தான் எனக்குப் பொழுதே விடியும். உடற்பயிற்சி பண்றவனைப் பாத்து எரிச்சல்படுற கோஷ்டி நான் இல்ல. ஆப் வச்சுக் கணக்குப் பாக்குறதும் தப்பில்ல. நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவுன்னு எழுதி வைக்கிறது மளிகைக் கணக்கு மாதிரி, நல்ல பழக்கம். என் சண்டையெல்லாம் ஒரே ஒரு விஷயத்துல. நீங்க எவ்வளவு நடந்தீங்கங்கிறது ஒரு தகவல். எந்த வாசல்ல இருந்து, எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியா, யார்கூடங்கிறது வேற தகவல். இந்த ரெண்டையும் ஒரே பொட்டலமா மடிச்சுக் குடுக்கிறான் பாருங்க, அங்கதான் வில்லங்கம். அந்தப் பொட்டலத்தை அடுத்தவங்களும் போட்டே ஆகணும்னு குரூப்ல சட்டம் போடுறது அதைவிடப் பெரிய வில்லங்கம்.

நடந்த கதை ஒண்ணு. பேரு, தெரு எதையும் சொல்லப்போறதில்ல.

எங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுப் பொண்ணு. டவுண்தான். போலீஸ் தேர்வுக்குப் படிச்சிட்டு இருந்தா. எழுத்துத் தேர்வு மட்டும் போதாதே, 400 மீட்டர் ஓடிக் காட்டணும். அதனால விடியக்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் குறுக்குத்துறைப் பக்கம் ஓடப் போவா. யாரோ சொல்லி நம்மூர் ஓட்டக் குழு ஒண்ணுல சேந்தா. அந்தக் குழுவுல மாசா மாசம் ‘சேலஞ்ச்’. 100 கி.மீ. முடிச்சா ஒரு மெடல். ஆப்புல பதிவாகியிருக்கணும், குழுவுல எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கணும், இல்லாட்டி கிலோமீட்டர் கணக்குல வராது. இதான் விதி. ஏமாத்திரக் கூடாதாம்.

மூணு வாரம் நல்லாத்தான் போச்சு. ஒருநாள் குறுக்குத்துறை ரோட்டுல, இருட்டு இன்னும் முழுசா விலகல, பைக்கைச் சாய்ச்சுப் போட்டு ஒருத்தன் நிக்கான். முன்னப் பின்ன பாத்த முகம் இல்ல. இவ பக்கத்துல வந்ததும் சிரிச்சுக்கிட்டே, “என்ன, இன்னைக்கு எட்டு நிமிஷம் லேட்டு?”ன்னு கேக்கான்.

எட்டு நிமிஷம். யோசிச்சுப் பாருங்க. பெத்த அப்பனுக்கே அந்தக் கணக்கு தெரியாது.

அடுத்த நாள் அண்ணன்காரன் கூடவே பைக்ல போனான். ஒரு வாரம் போனான். அவனுக்கும் வேலை இருக்குல்லா. அப்புறம் வீட்டுல, “ஓடினது போதும், படிச்சது போதும்”னு முடிச்சுட்டாங்க. மொட்டை மாடியில சுத்திச் சுத்தி நடந்து பாத்தா. மாடியில 400 மீட்டர் ஓட முடியுமா? அந்தத் தடவை உடல்தகுதித் தேர்வுக்கு அவ போகவே இல்ல. குழுவுல முறையிட்டப்ப வந்த பதில்: “அந்த ஆளை பிளாக் பண்ணச் சொல்லுங்க சார். அவரு ஒரு குடோஸ் தான போட்டிருக்காரு?”

‘அது ஒரு பொறுக்கி பண்ணின வேலை, அதுக்கு ஆப் என்ன பண்ணும்’னு பின்னூட்டம் போட ரெடியா இருப்பீங்க, தெரியும். பொறுக்கி எந்தக் காலத்துலயும் உண்டு. ஆனா பழைய பொறுக்கிக்கு உழைப்பு ஜாஸ்தி. தெருமுனையில பத்து நாள் நிக்கணும், நாலு பேர் கண்ணுல படணும். பெட்டிக்கடை அண்ணாச்சி, “யாருல நீ, எந்த ஊரு?”ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. இந்தத் தடுப்பையெல்லாம் ஒரே போடா தூக்கிட்டு, படுக்கையில படுத்துக்கிட்டே ஒரு பொண்ணோட ஒரு மாசக் காலையை வரிசையாப் புரட்டிப் பாக்குற வசதியைக் கையில குடுத்தது யாரு? அதைக் கேட்டா ஆப் மேல பழி போடுறேனாம்.

இது என் கற்பனை பயமும் இல்ல. இந்த ஸ்ட்ராவா இருக்கே, 2009ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, பேருகூட முயற்சியைக் குறிக்கிற சுவீடன் வார்த்தை, இன்னைக்கு 15 கோடிப் பேருக்கு மேல கணக்கு வச்சிருக்கிற ஆப், அதுலயே 2020ல ஒரு கூத்து நடந்துச்சு. ஒருத்தர் காலையில புதுப் பாதையில ஓடப் போறாரு. எதிர்ல ஒரு பெண் ஓடி வந்து தாண்டிப் போறாங்க. அவ்வளவுதான், ஒரு வணக்கம்கூட இல்ல. வீட்டுக்கு வந்து பாத்தா அந்தப் பெண்ணோட முழுப் பேரு, போட்டோ, அவங்க ஓடின பாதை எல்லாத்தையும் ஆப் இவருக்கு எடுத்துக் காட்டுது. ‘ஃப்ளைபை’ன்னு அந்த வசதிக்குப் பேரு. நல்ல மனுசன், அதைப் பாத்து அதிர்ந்துபோய் ட்விட்டர்ல போட்டாரு. நாலு பேர் கத்தினாங்க. அதுக்கப்புறம்தான் கம்பெனி அந்த வசதியை, கேட்டாத்தான் உண்டுன்னு மாத்துச்சு. அது வரைக்கும் கேக்காமலேயே எல்லாருக்கும் ஓடிட்டு இருந்துச்சு! அதைக் கண்டுபிடிச்சது அந்த மாதிரி ஆளா இல்லாம நம்ம குறுக்குத்துறை ரோட்டு பைக்காரனா இருந்திருந்தா ட்விட்டர்லயா போட்டிருப்பான்?

அடுத்த வாதம் எனக்கு மனப்பாடம். “தம்பி, நாம என்ன பிரான்ஸ் அதிபரா? நம்ம மேப்பை எவன் பாக்கான்?” இதை எங்க குரூப்ல வாரத்துக்கு ஒருத்தராவது சொல்லிடறாங்க. 2024 அக்டோபர்ல பிரான்ஸ் நாட்டு லெ மோந்த் பத்திரிகை, மக்ரோன், பைடன், புதின் இவங்களோட மெய்க்காவலர்கள் ஸ்ட்ராவாவுல போட்ட ஓட்டத்தை வச்சே தலைவர்கள் எங்க எங்க தங்குறாங்கன்னு புட்டுப் புட்டு வச்சது. ரஷ்யாவுல கிராஸ்னதார் நகரத்துல 2023 ஜூலையில ஒரு முன்னாள் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியை, காலையில ஓடப் போன இடத்துல சுட்டுக் கொன்னாங்க. அவரு வழக்கமா ஓடுற பாதை அதே ஆப்புல பொதுவுல கிடந்தது. கொன்னவன் அதைப் பாத்திருக்கலாம்னு ரஷ்யப் பத்திரிகைகளே எழுதுச்சு. சரி, இவங்கள்லாம் பெரிய இடம். நமக்கென்னன்னு விட்ருவோம்.

ஆனா 2018ல நடந்ததை விட முடியாது. ஏன்னா அது நம்ம ஊருக்கான பாடம்.

2017 நவம்பர்ல ஸ்ட்ராவா உலக மேப் ஒண்ணு வெளியிட்டது. ஆள் பேரு கிடையாது, எங்கெங்க ஜனங்க ஓடுறாங்களோ அங்கெல்லாம் வெளிச்சமாத் தெரியும், அவ்வளவுதான். பேரே இல்லையே, யாருக்கு என்ன நஷ்டம்னு எல்லாரும் இருந்தாங்க. 2018 ஜனவரியில நேதன் ரூசர்னு ஆஸ்திரேலியாவுல ஒரு காலேஜ் பையன் அதை உத்துப் பாத்தான். ஆப்கானிஸ்தான், சிரியா பக்கம் கும்மிருட்டு. அந்த இருட்டுக்கு நடுவுல அங்கங்க சின்னச் சின்னதா வெளிச்சக் கோடு. என்னன்னு பாத்தா, அமெரிக்கச் சிப்பாய்ங்க காலையில முகாமுக்குள்ள ஓடின பாதை! அந்த வருஷம் ஆகஸ்ட்ல, போர்முனையில இருக்கிறவங்க இடம் காட்டுற வசதியையே போடக்கூடாதுன்னு பென்டகன் உத்தரவு போட்டது.

இதுல கவனிங்க. லண்டன்ல ஓடினவன் மாட்டல. அங்க லட்சம் கோடு, இவன் கோடு அதுல கரைஞ்சு போச்சு. சுத்திலும் யாருமே ஆப் வச்சுக்காத இடத்துல ஓடினவன்தான் மாட்டினான். கூட்டம் இருக்கிற இடத்துல கூட்டமே போர்வை. கூட்டம் இல்லாத இடத்துல ஒத்தைக் கோடு போட்டோ மாதிரி. 2023ல வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த வெளிச்ச மேப்பை வச்சு இதையேதான் காட்டினாங்க: ஜனநெருக்கம் குறைஞ்ச பக்கத்துல, தினமும் ஓடுறவங்க வீட்டைக் கண்டுபிடிக்கிறது சுலபம்னு. சென்னை பெசன்ட் நகர்ல ஓடுறவரு நாலாயிரத்துல ஒருத்தர். மேல ரத வீதிக்குப் பின்னால ஒரு முடுக்குக்குள்ள இருந்து ஓடுற பொண்ணு ஒருத்தியில ஒருத்தி. ‘சின்ன ஊருதானே, யாரு பாக்கா’ன்னு நினைக்கிறது தலைகீழ் கணக்கு மக்களே.

முடுக்குன்னதும் ஞாபகம் வருது. ‘வீட்டைச் சுத்தி வட்டம் போட்டு மறைச்சுக்கலாமே, செட்டிங்ஸ்ல இருக்கே’ன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்வாங்க. இருக்கு. வீட்டைச் சுத்தி 200 மீட்டரோ, கூடுதலோ, நாம சொல்ற தூரத்துக்குக் கோடு தெரியாது. நல்ல யோசனைதான், அமெரிக்காவுக்கு. அங்கயே தேறல. 2018ல இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2 கோடிக்கு மேல ஓட்டப் பதிவுகளை எடுத்துப் பாத்தாங்க. இப்படி மறைச்சு வச்சவங்கள்ல 100க்கு 95 பேரோட இடத்தைக் கண்டுபிடிச்சிரலாம்னு சொன்னாங்க. சூத்திரம் ரொம்ப எளிசு. நீங்க தினம் ஒரு திசையில போனா, கோடுகள் எல்லாம் ஒரே வட்டத்தோட விளிம்புல வந்து அறுந்து நிக்கும். நாலு விளிம்பு தெரிஞ்சா வட்டம் போட்டுரலாம், வட்டத்துக்கு நடுவுல நீங்க. ஆறாங் கிளாஸ் காம்பஸ் வேலை. ஆய்வுக்காரங்க சொன்னதுக்கப்புறம் கம்பெனிகள் வட்டத்தை அப்படி இப்படி அசைச்சுப் போட்டு ஒப்பேத்தினாங்க.

இப்ப நம்ம டவுணுக்கு வாங்க. ரத வீதியில இருந்து பிரியுற முடுக்கு எப்படி இருக்கும்? ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டணும். உள்ள போனா ஏழெட்டு வீடு. பல முடுக்குக்கு வந்த வழிதான் திரும்பிப் போற வழியும். இதுல கோடு முடுக்கு வாசல்ல வந்து அறுந்து நின்னுச்சுன்னா, அதுக்கு மேல மறைச்சு என்ன புண்ணியம்? ஏழு வீட்டுல காலையில ஷூ போட்டு ஓடுற பொம்பளப் பிள்ளை யாருன்னு கேட்டா பால்காரர் சொல்லிருவாரு. கம்ப்யூட்டரே வேண்டாம். அவன் மறைக்கிற 200 மீட்டருக்குள்ள நம்ம ஊர்ல ஒரு தெருவோட வரலாறே இருக்கு. ஒவ்வொரு வீடும் என்ன சாதி, யாரு யாருக்குச் சொந்தம்னு விரல் விட்டு எண்ணுற ஊருய்யா இது.

சாதின்னு சொன்னதும் சில பேருக்குப் புருவம் ஏறும். ஏறட்டும். ஒரே நேரத்துல ஒரே பாதையில போன ரெண்டு பேரை ஆப்பே சேத்து வச்சு, இன்னார் இன்னாரோட ஓடினார்னு காட்டும். கம்பெனிக்காரனுக்கு அது நட்பு. நம்ம பக்கம் அது வேற. 2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டை கே.டி.சி. நகர்ல 27 வயசு மென்பொருள் பொறியாளர் ஒருத்தரைப் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க. தலித் இளைஞர். வேற சாதிப் பொண்ணோட பழகினதுதான் காரணம்னு வழக்கு. அந்தப் பொண்ணோட தம்பி கைதானான். அதுல எந்த ஆப்புக்கும் சம்பந்தம் கிடையாது, அதைத் தெளிவாவே சொல்லிடறேன். ஆனா யாரு யாரோட எங்க போனாங்கங்கிற தகவலுக்கு இந்த மாவட்டத்துல என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க. கலிஃபோர்னியாவுல உக்காந்து செட்டிங்ஸ் வடிவமைக்கிறவனுக்கு அது தெரியாது. பாளையில குரூப் நடத்துற அட்மினுக்குத் தெரியணுமா இல்லையா?

‘சட்டம் இருக்குல்லா’ன்னு ஒரு வக்கீல் நண்பர் கேட்டாரு. இருக்கு, 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. படிச்சுப் பாத்தேன், ஒரு இடத்துல தூக்கிவாரிப் போட்டது. நீங்களே பொதுவுல போட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். அதுக்கு உதாரணம் யாரைக் காட்டியிருக்காங்க தெரியுமா? வலைப்பதிவு எழுதுற ஒரு பெண்ணை! அவங்க தன்னைப் பத்திய தகவலைத் தானே பொதுவுல போட்டுட்டாங்க, ஆகவே சட்டம் உதவாதுன்னு. நம்ம ஜாதியைச் சட்டப் புத்தகத்துலயே ஏத்தியாச்சு மக்களே, பெருமைப்பட்டுக்கோங்க :-(

பதிவு எழுதுறவங்களுக்கு அது ஓரளவு நியாயம்னே வச்சுக்குவோம். நான் இதை எழுதி, படிச்சுப் பாத்து, நானே பட்டனை அமுக்குறேன். பொதுவுல வைக்கிறேன்னு தெரிஞ்சே வைக்கிறேன். ஆனா கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு ஓடுன பொண்ணு எதை அமுக்குனா? கணக்கு தொடங்குறப்பவே, வயசு வந்தவங்கன்னா, யார் பாக்கலாம்ங்கிற இடத்துல ‘எல்லாரும்’னு அவனே டிக் அடிச்சு வச்சிருக்கான். அதை நாம போய்த் தேடி மாத்தணும். மாத்தலேன்னா, ‘நீங்களே பொதுவுல போட்டீங்க’. இதுல ‘நீங்களே’ எங்கருந்து வந்துச்சு? வீட்டுக் கதவை மெனக்கெட்டு பூட்டினாத்தான் பூட்டு, சும்மா சாத்தி வச்சா ஊருக்கே திறந்த வீடுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

இவ்வளவுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு நல்ல வாதம் இருக்கு, அதை மறைக்கப் போறதில்ல. நாலு பேர் பாக்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் நம்ம ஆளுங்களுக்குக் கால் அசையும். எனக்குத் தெரிஞ்சு ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பைபாஸ் சர்ஜரிக்கு அப்புறம் கட்டிலை விட்டே இறங்காதவரு, குரூப்ல பேரக்குழந்தைங்க போடுற கைதட்டலுக்காகவே நயினார்குளம் பக்கம் தினமும் நடக்க ஆரம்பிச்சாரு. அதை நான் ஏன் கெடுக்கணும்? ஆனா பேரன் கை தட்டுனது 3 கிலோமீட்டருக்கு. எந்த முக்குல திரும்பினாருங்கிறதுக்கு இல்ல. மேப்பை எடுத்துட்டா அந்தச் சந்தோஷத்துல ஒரு துளிகூட குறையாது. குறையுதுன்னு சொல்றவங்க, மன்னிச்சுக்கோங்க, நடக்குறதுக்காகப் போடல, காட்டுறதுக்காகப் போடுறீங்க.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிச்சு ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு ஆரம்பிச்சது. எட்டு கிலோமீட்டரை நடக்கிறதுக்கு லாகின், பாஸ்வேர்டு, லீடர்போர்டு எதுவும் தேவைப்படல. ரெண்டு காலு இருந்தா போதும்.

அதனால குரூப் நடத்துற அண்ணாச்சிமாரே, உங்களுக்குத்தான் இது. ‘பொதுவுல வச்சாத்தான் கணக்கு’ங்கிற விதியை இன்னைக்கே தூக்குங்க. ஏமாத்துவாங்கன்னு பயமா? ஏமாத்தட்டுமே! நூறு ரூபா மெடலுக்காக ஒருத்தன் ரெண்டு கிலோமீட்டர் கூடச் சொன்னா யார் குடி முழுகிப் போகும்? ஒரு பொண்ணோட அஞ்சேகால் மணியை ஊருக்குத் தெரிய வச்சதால முழுகின குடியை நான் பாத்திருக்கேன். புகார் வந்தா ‘பிளாக் பண்ணச் சொல்லுங்க’ன்னு அந்தப் பிள்ளை தலையிலேயே வேலையைக் கட்டாதீங்க. அந்த ஆளைக் குழுவை விட்டு நீக்கி, ஏன் நீக்கினோம்னு குழுவுலயே எழுதுங்க. அதைச் செய்ய முதுகெலும்பு இல்லேன்னா ஓட்டக் குழு நடத்தாதீங்க, கேரம் போர்டு குழு நடத்துங்க.

டிஸ்கி: ஸ்ட்ராவா வச்சிருக்கிறவங்க செட்டிங்ஸ்ல தனியுரிமைப் பக்கம் போங்க. செயல்பாடுகளை யார் பாக்கலாம்ங்கிறதை ‘பின்தொடர்பவர்கள்’ இல்லாட்டி ‘நான் மட்டும்’னு மாத்துங்க. மேப்பையே மொத்தமா மறைக்கவும் அங்கயே வழி இருக்கு. வெளிச்ச மேப்புக்கு உங்க ஓட்டத்தைக் குடுக்கலாமான்னு தனியா ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துருங்க. முக்கியமா, இன்னைக்கு மாத்தினா இனிமே ஓடுறதுக்குத்தான் பொருந்தும். பழசெல்லாம் அப்படியே கிடக்கும். பழையதை மொத்தமா மாத்த அதே பக்கத்துல கீழ தனி வழி வச்சிருக்கான், மறக்காம அதையும் அமுக்குங்க. வீட்டுல அக்கா தங்கச்சி போன்லயும் உக்காந்து மாத்திக் குடுங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு.